கல்வித் தொழில்நுட்பமா, கல்வித் தலைமையா?

பள்ளியில் கணினிப் பொறுப்பையும் பார்த்துக்கொண்டு முதுநிலைப் படிப்புக்கு யோசிக்கும் ஆசிரியருக்கு இந்தக் கேள்வி வரும்.

தொழில்நுட்பப் படிப்பு வகுப்பறைக்கு நெருக்கமானது. 2006-இல் கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் முன்வைத்த டீபேக் (TPACK) சட்டகத்தை அங்கே படிப்பீர்கள்: பாட அறிவு, கற்பிக்கும் முறை, கருவி மூன்றும் சேர்ந்தால்தான் பயன். அடுத்த வாரமே வகுப்பில் முயன்று பார்க்கலாம்.

தலைமைப் படிப்பில் பட்ஜெட், சட்டம், பணியாளர் மேலாண்மை. முதலில் வறட்சியாகத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, டேப்லெட்டுகள் அலமாரியில் தூங்குவது ஆசிரியர்களுக்குப் பயிற்சி நேரம் ஒதுக்காததால்தான். அந்த நேரத்தை ஒதுக்கும் கால அட்டவணையை முடிவு செய்பவர் தலைமை ஆசிரியர்.

வகுப்பை விட மனமில்லையா, முதலாவது சரி. பள்ளி முழுவதும் மாற வேண்டும் என்று தவிப்பவர் இரண்டாவதை எடுக்கட்டும். கருவிகளை அப்புறம் சக ஆசிரியர்களிடமே கற்றுக்கொள்ளலாம்.