கடலில் டைவ் அடித்த அன்றே கொடைக்கானல் ஏற்றிவிடும் வார இறுதி பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கொடைக்கானலில் ஏரிச் சாலை, மூஞ்சிக்கல் பக்கத்து ஹோம்ஸ்டேக்களில் ஒரு வண்ண நோட்டீஸ் வைத்திருக்கிறார்கள். வெள்ளி ராத்திரி வேன், சனி ஞாயிறு மண்டபம் பக்கம் ஸ்கூபா, ஞாயிறு ராத்திரியே மலைக்குத் திரும்பிவிடலாம். ‘மக் டைவிங்’ என்று போட்டு, சேற்றுத் தரையில் வாழும் அபூர்வமான குட்டி உயிர்களைக் கேமராவில் பிடிக்கலாம் என்கிறார்கள். தலைக்கு 18,500 ரூபாய். நடத்துகிறவர்கள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்வதால் பெயரை எழுதிப் பயனில்லை. நம் மலையிலிருந்து போன கேமரா குழுவுக்கு நடந்ததை வைத்து, அவர்களுடைய வேலை முறையை அடையாளம் காட்டவே இந்தப் பதிவு.

உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஞாயிறு பகல் 11 மணிக்குக் கடைசி டைவ் முடிகிறது. ஒரு மணிக்கு வேன் கிளம்பி, மதுரை, வத்தலக்குண்டு வழியாக ராத்திரி எட்டு மணிக்குக் கொடைக்கானலில் இறக்கிவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. வெளியே வந்த பிறகு அது மூச்சு வழியாகக் கழிய பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறினால், கரைந்திருப்பது குமிழியாகப் பிரிந்து மூட்டிலோ நரம்பிலோ தண்டுவடத்திலோ சிக்கிக்கொள்ளும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் மண்டபத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில், “அதெல்லாம் ஃபிளைட்டுக்குத்தான் சார், வேனுக்கு ரூல் இல்லை” என்பது. இது பொய். விமானம் பத்தாயிரம் மீட்டரில் பறந்தாலும், உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்து அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். அந்த அளவை நாம் காட் ரோட்டில் சக்கரத்திலேயே கிட்டத்தட்ட எட்டிவிடுகிறோம். டைவ் அடிப்பவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் வழிகாட்டுதல் ஏறக்குறைய 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கானது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல டைவ், அல்லது அடுத்தடுத்த நாட்களில் டைவ் என்றால் 18 மணி நேரம். மேலே வரும்போது நடுவில் நின்று நைட்ரஜன் கழிக்க வேண்டிய அளவுக்கு ஆழமான டைவ் என்றால் இன்னும் அதிகம். சனியும் ஞாயிறும் டைவ் அடித்தவருக்கு 18 மணி நேரமே குறைந்தபட்சம். பேக்கேஜில் கிடைப்பது ஒன்பது. கடற்புல் வெளியில் அடிக்கும் நான்கு மீட்டர் ஆழ டைவில் கரைவது கொஞ்சம்தான், உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை படகில் கூட்டிப்போய் 15 மீட்டரில் இரண்டு முறை இறக்குகிறார்கள்.

குழுவில் ஒருவருக்குப் பெருமாள்மலை தாண்டியதும் முழங்கை வலியும் விரல்களில் மதமதப்பும் வந்தன. டிரைவர் குளிர் என்றார். இந்த ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. டைவ் அடித்த 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மதமதப்பு, காரணமில்லாத அசதி, தோலில் ஊதாத் திட்டு, தலைசுற்றல், சிறுநீர் பிரியாமை இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்து முழு ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக “ஸ்கூபா டைவ் அடித்துவிட்டு மலை ஏறினேன்” என்று சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுத்து வலி குறைந்தாலும், அழுத்த அறை சிகிச்சை (அழுத்தம் கூட்டிய அறையில் வைத்துக் குமிழிகளைக் கரைப்பது) தேவையா என்று கேட்காமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்தது நோட்டீஸில் இருக்கும் படங்கள். ரோஸ் நிறக் கொப்புளங்களோடு குட்டிக் கடல் குதிரை, உடம்பெல்லாம் மயிர்போல் இழை தொங்கும் தவளை மீன், வரிவரியான பேய்க்கணவாய். தவளை மீனும் பேய்க்கணவாயும் கறுப்பு மணலில் எடுக்கப்பட்டவை. இந்தோனேசியாவின் வட சுலாவெசியில் பிதுங் துறைமுகத்தை ஒட்டிய லெம்பே நீரிணையின் எரிமலை மணல் அப்படித்தான் இருக்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எங்கேயும் பின்னணி கறுப்பாக வரும் என்பதால், பின்னணியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயிரின் வயிற்றுக்குக் கீழே ஒட்டியிருக்கும் மணலைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கொப்புளக் கடல் குதிரை இன்னும் தெளிவான சாட்சி. ஹிப்போகேம்பஸ் பார்கிபாண்டி என்ற இந்த இனம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. முரிசெல்லா என்ற விசிறிப் பவளத்தில் மட்டுமே, பெரும்பாலும் 16 மீட்டருக்குக் கீழே, மேற்குப் பசிபிக் பக்கம் வாழ்வது. நான்கு மீட்டர் ஆழக் கடற்புல்லில் அதைக் காட்டுகிறேன் என்கிறவருக்கு அந்த உயிரைப் பற்றி எதுவும் தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார்.

மண்டபத்தை ஒட்டிய பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிக்கு இரவல் படம் தேவையே இல்லை. நம் கடல் குதிரைகள் அங்கே வாலால் புல்லைச் சுற்றிக்கொண்டு நிற்கும். குழல் மீன் புல்லோடு புல்லாக ஆடும். ஓட்டுக் கணவாய்க் குஞ்சுகள் நிறம் மாற்றி மாற்றி ஒளியும். பொறுமையாக ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் மிதந்தால் கண்ணுக்குப் பழகும். இவர்கள் தருவதோ இருபது நிமிடம். எட்டுப் பேருக்கு ஒரு கைடு. இந்த வகை டைவுக்கு இரண்டிலிருந்து நான்கு பேருக்கு ஒருவர் வேண்டும், ஏனென்றால் விரல் நகம் அளவு உயிரைக் கண்டுபிடித்து ஒவ்வொருவராக அழைத்துக் காட்ட வேண்டும்.

நேரம் போதாத குறையை அவர்கள் ஈடுகட்டிய விதம்தான் மனதை அறுக்கிறது. வலையில் சிக்கிய கடல் குதிரையைப் பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்து, தண்ணீருக்குள் மணலில் வைத்து ‘எடுங்கள்’ என்றார்கள். நலமான கடல் குதிரை எதையாவது பிடித்தபடி நிமிர்ந்து நிற்கும். வெறும் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து, வால் சுருளாமல் நீண்டு கிடந்தால், அது கொண்டுவந்து போட்டது, சாகப்போவது. கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் வழக்கு உங்கள் மேலும் வரலாம். நோட்டீஸில் இருக்கும் ‘தீவு நைட் டைவ்’ விஷயமும் இதே மாதிரிதான். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரையிலான 21 தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் படகில் ஏறாதீர்கள்.

இனி எடை. மூன்று மில்லிமீட்டர் தடிமனான டைவ் உடையில் இருந்த எல்லாருக்கும், ஆள் எடை பார்க்காமல், தண்ணீருக்குள் அமிழ எட்டு கிலோ ஈயம் கட்டினார்கள். அறுபது கிலோ ஆளுக்கு அலுமினியச் சிலிண்டரோடு நான்கு கிலோவிலிருந்து தொடங்கலாம். சோதிக்கும் முறை எளிது. மிதப்பைக் கூட்டிக் குறைக்க மாட்டும் காற்றுச் சட்டையை முழுதாகக் காலிசெய்து, சாதாரண மூச்சை அடக்கி நிமிர்ந்து மிதந்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டரில் காற்று தீரத் தீர அது இரண்டு கிலோவுக்குமேல் லேசாகும் என்பதால், முழுச் சிலிண்டரோடு சோதித்தால் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். எடை அதிகமானால் இடுப்பு தாழும், கால் தொங்கும். ஒவ்வொரு உதையிலும் சேறு கிளம்பும். முதல் ஆள் கிளப்பிய சேற்றில் பின்னால் வரும் ஏழு பேருக்கும் படத்தில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். குறைந்த ஆழம் சுலபம் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலும் சட்டைக்குள் இருக்கும் காற்றின் பருமன் அதிகம் மாறுவது மேல் ஐந்து மீட்டரில்தான். உடம்பைக் கிடைமட்டமாக வைத்து, முழங்காலை மடக்கி, துடுப்பை மேலே தூக்கி, தவளை மாதிரி பக்கவாட்டில் உதைக்கக் கற்றுத்தராமல் யாரையும் சேற்றுத் தரைக்குக் கூட்டிப்போகக் கூடாது. இவர்கள் கற்றுத்தராததோடு, தரையில் காலூன்றி நிற்கவும் சொன்னார்கள். புல் நசுங்கும், மேலும் அங்கே திருக்கை புதைந்து கிடக்கும். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், வலி அடங்கும்வரை காலை வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் இருக்க வேண்டியது, 140 இருந்தது. அழுத்த மீட்டரைப் பார்த்தபடி நான்கு முறை மூச்சு இழுங்கள். முள் துடித்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் இறங்காதீர்கள், சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரஸர் ஜெனரேட்டர் புகையை இழுத்திருக்கலாம்.

உடல்நலப் படிவத்தைக் கரையில், உடை மாட்டிய பிறகு நீட்டினார்கள். அதைப் பணம் கட்டும் முன்பே வாங்கி வீட்டில் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். மலைக்காரர்களுக்குச் சளி சாதாரணம், ஆனால் மூக்கடைப்போடு மூன்று மீட்டர் இறங்கினாலே செவிப்பறை கிழியலாம்.

கடல் நிலவரத்தையும் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும், தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அந்த ஊரில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். எந்த மாதம் எந்தக் கடல் என்று சொல்லாமல் வருஷம் முழுக்க ஒரே பேக்கேஜ் விற்கிறவருக்குக் கடல் தெரியவில்லை.

பணம் ஒரு தனிநபர் யூபிஐ எண்ணுக்குப் போனது, ஜிஎஸ்டி ரசீது இல்லை, திரும்பக் கேட்டதும் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். கட்டிவிட்டவர்கள் நோட்டீஸ், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்.

அடுத்த குழுவில் ஏற்கெனவே இருப்பவர்கள் பணத்தை விட மனமில்லாமல் போகத்தான் போகிறீர்கள் என்றால், திரும்பும் வேனில் மட்டுமாவது மலை ஏறாதீர்கள். மதுரையிலோ வத்தலக்குண்டிலோ இறங்கி அறை எடுங்கள். இரண்டும் 600 மீட்டருக்கு வெகு கீழே. ஞாயிறு 11 மணிக்குத் தண்ணீரைவிட்டு வந்தவருக்கு 18 மணி நேரம் திங்கள் காலை ஐந்துக்கு முடிகிறது. எங்கள் யோசனை முழு 24 மணி நேரம் விட்டு, 11 மணிக்குமேல் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறுவது.