நம் காரை அவரே ஓட்டுகிறார்: கெட்டிஸ்பர்க் போர்க்கள வழிகாட்டி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்குப் படையும் 1863இல் மூன்று நாள் மோதிய இடம், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க். அங்கே இது எனக்கு இரண்டாவது பயணம். முதல் முறை போனபோது ஃபோனில் ஓடும் ஒரு ஆடியோ டூரை வாங்கி, அதையே நம்பிப் போனேன். "அடுத்து, அயர்லாந்துக்காரர்களின் 69வது ரெஜிமெண்ட்" என்றது. ஒரு கல் சுவர் ஓரம் 69 என்று பொறித்த நினைவுச் சின்னம் கண்ணில் பட்டதும் நிறுத்தி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் குரல் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது நியூயார்க் மாநிலத்தின் 69வது ரெஜிமெண்ட் பற்றி. நான் போட்டோ எடுத்தது பென்சில்வேனியா மாநிலத்தின் 69. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை மாமனார் கூட வந்தார். வேலூர் பக்கம், மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 வருடம், ஹவில்தாராக ஓய்வு. மால், நீர்வீழ்ச்சி எதற்கும் அசையாத மனிதர். போர்க்களம் என்றதும் காலை ஐந்து மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரிடம் ஆடியோ எடுபடாது என்று லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியை முன்கூட்டியே புக் செய்தேன்.

இந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்கு: வழிகாட்டி விசிட்டர் சென்டரில் நம்மைச் சந்தித்து, சாவியை வாங்கிக்கொண்டு நம் காரை அவரே ஓட்டுவார். நாம் வேடிக்கை பார்த்தால் போதும். கட்டணம் ஆளுக்கு இல்லை, காருக்கு. ஆறு பேர் வரை ஒரே தொகை. 1915 முதல் இந்த லைசென்ஸ் முறை இருக்கிறது. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேறினால்தான் கிடைக்கும். போர்க்களத்தைச் சுற்றிப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது, மியூசியத்துக்கு மட்டும் உண்டு.

"எல்லாம் வேண்டாம், ஐரிஷ் பிரிகேட் மட்டும் காட்டுங்கள்" என்றேன். பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள் இருந்த ஐந்து ரெஜிமெண்ட்கள் சேர்ந்த வடக்குப் படைப்பிரிவு அது, நியூயார்க் 69 அதில் ஒன்று. வழிகாட்டி, எழுபதை ஒட்டிய வயது, சிரித்தார். "அப்படியென்றால் கதையை முந்தைய வருடத்து ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையிலிருந்து தொடங்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்குப் படையில் சேர்ந்தவர்களில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர். பிரிகேடைத் திரட்டியவர் தாமஸ் ஃபிரான்சிஸ் மாஹர். 1848 கிளர்ச்சிக்காகப் பிரிட்டிஷ்காரர்கள் மரண தண்டனை விதித்து, பிறகு டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்திய ஆள். அங்கிருந்து தப்பி 1852இல் நியூயார்க் வந்தவர். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்கில், பச்சைக் கொடிகளைப் புதுசு மாற்ற அனுப்பியிருந்ததால், தொப்பியில் ஆளுக்கொரு பாக்ஸ்வுட் செடியின் பச்சைக் கொத்தைச் செருகிக்கொண்டு, தெற்குப் படை இருந்த மேட்டை நோக்கிப் போனார்கள். போனவர்கள் சுமார் 1,200. இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து 545.

அதுவரை பேசாமல் வந்த மாமா முதல் கேள்வி கேட்டார். "மாப்பிள்ளை, சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க."

கேட்டேன். சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், ஆனால் பல சமயம் பாக்கி நிற்கும்.

"வீட்டுக்கு எப்படி அனுப்புனாங்க? செத்தா பென்ஷன் உண்டா?"

வழிகாட்டி காரை ஓரம் கட்டிவிட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தவர் மாதிரி திரும்பி உட்கார்ந்தார். 1862 சட்டப்படி, இறந்த சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர். மனைவி இல்லை என்றால், மகன் சம்பாத்தியத்தை நம்பியிருந்த தாய்க்கு. அந்தத் தாய் அயர்லாந்திலேயே இருந்தாலும் கேட்கலாம். ஆனால் மகன்தான் காப்பாற்றினான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் இருந்தது மகன் எழுதிய கடிதங்கள்தான், "இத்தனை டாலர் அனுப்பியிருக்கிறேன், வாடகையைக் கொடு" என்கிற மாதிரி கடிதங்கள். எழுதத் தெரியாதவன் கூட இருந்தவனிடம் சொல்லி எழுத வைத்தது. பென்ஷனுக்காக அதையும் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அவை இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்போடு கோப்பாக இருக்கின்றன. தாய்க்குத் திரும்பிப் போகவில்லை.

மாமா வெளியே பார்த்துக்கொண்டு, "எங்கேயும் பேப்பர்தான் கேக்கறான்" என்றார். மொழிபெயர்த்தேன். வழிகாட்டி தலையாட்டினார்.

அப்புறம் ஹான்காக் அவென்யூவில், பிரிகேடோடு இருந்த பாதிரியார் கார்பியின் சிலை. 1863 ஜூலை 2 மாலை, பிரிகேட் சண்டைக்குப் போவதற்குச் சற்று முன், ஒரு பாறை மேல் ஏறி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாவமன்னிப்பு வழங்கியவர். சிலை 1910இல் வைத்தது. இதே சிலையின் நகல் நோட்ரடாம் பல்கலைக்கழகத்திலும் உண்டு. கையைத் தூக்கி நிற்பதால் அங்கே மாணவர்கள் அமெரிக்கக் கால்பந்து சைகையோடு சேர்த்துக் கேலிப்பெயர் வைத்திருக்கிறார்களாம். இங்கே ஐந்து நிமிடம் போதும்.

நேரம் ஒதுக்க வேண்டிய இடம், அன்று பிரிகேட் சண்டை போட்ட ஸ்டோனி ஹில். பேருக்கேற்ற மாதிரி மரமும் பாறையும்தான். ரெஜிமெண்ட் என்றால் தொடக்கத்தில் ஆயிரம் பேர் என்பது கணக்கு. இங்கே வந்து சேர்ந்தபோது பிரிகேடின் மூன்று நியூயார்க் ரெஜிமெண்ட்களிலும் தலா நூறு பேர்கூட இல்லை. ஐந்து ரெஜிமெண்ட்களும் சேர்ந்து மொத்தப் பிரிகேடே சுமார் 530 பேர். தலைமை தாங்கியவர் அயர்லாந்தின் கால்வேயில் பிறந்த கர்னல் பேட்ரிக் கெல்லி. அதற்கு முன்பே மாஹர் பதவியை விட்டு விலகியிருந்தார்.

பெரும்பாலானவர்கள் கையில் பழைய வழுவழுக் குழல் மஸ்கெட். ஒரு பெரிய குண்டோடு மூன்று சிறு குண்டுகளையும் சேர்த்துக் கெட்டிக்கும் வகை. தூரத்துக்கு உதவாது, கிட்டத்தில் பயங்கரம். வழிகாட்டி எங்களைக் கோதுமை வயல் ஓரத்திலிருந்து மேடேற வைத்து, ஒரு பாறையருகே நிறுத்தி, "எதிரி அதோ அந்த மரம்" என்றார். மாமா தூரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "இதுக்கு அந்தத் துப்பாக்கிதான் சரி" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே வழிகாட்டிக்குப் புரிந்துவிட்டது. அன்று இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 200 பேர். கெல்லி பிழைத்தார், அடுத்த வருடம் பீட்டர்ஸ்பர்கில் இறந்தார்.

அங்கேதான் 1888இல் நிறுவிய கெல்டிக் சிலுவை இருக்கிறது. அடியில் ஒரு ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் நாய் தலையைச் சாய்த்துப் படுத்திருக்கிறது. செய்த சிற்பி ஓ'டோனவன், தெற்குப் படையில் இருந்தவர். நாய் அவ்வளவு உயிரோட்டம். குழந்தைகள் மூக்கைத் தடவுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது, வழிகாட்டி பெருமை மட்டும் பேசாததுதான். இந்தச் சண்டை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்புக்கு எதிராகக் கலவரம். 300 டாலர் கட்டினால் தப்பலாம் என்ற சட்டம், அந்தப் பணம் இல்லாத ஏழைகளின் கோபம். கலவரக்காரர்களில் நிறைய ஐரிஷ்காரர்கள். கறுப்பினத்தவரை அடித்துக் கொன்றார்கள், அவர்களுடைய அநாதைக் குழந்தைகளின் இல்லத்தைக் கொளுத்தினார்கள். இதையும் அந்தச் சிலுவை முன்னாலேயே நின்று சொன்னார்.

கடைசியில் என் பழைய கல் சுவர். பென்சில்வேனியா 69ம் ஐரிஷ் ரெஜிமெண்ட்தான், நியூயார்க் 69இன் மரியாதைக்காக அதே எண்ணைக் கேட்டு வாங்கியது, ஆனால் பிரிகேடைச் சேர்ந்தது இல்லை. முந்தைய நாள் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி, ஆளுக்குப் பலவாக நிரப்பி வைத்துக்கொண்டு ஜூலை 3 அன்று தெற்குப் படையின் தாக்குதலுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுடைய கர்னல் ஓ'கேன் இங்கேதான் குண்டடிபட்டார். ஆக, என் நாலு போட்டோவும் வீண் இல்லை.

குறை என்றால் என் குறைதான். இரண்டு மணி நேரம் புக் செய்தேன், மொழிபெயர்ப்பும் சேரும்போது அது போதாது. கூடுதல் நேரம் எடுங்கள். கோடையில் ஸ்டோனி ஹில் புல்லில் நடந்தால் உண்ணி ஒட்டும், முழுக்கால் பேண்ட் போடுங்கள். ஊருக்குள் ஒரு கடையில் "ஐரிஷ் ஸ்டூ" சாப்பிட்டோம், உப்பில்லாத குருமா. மாமா பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டார். அந்தச் சிப்பாய்கள் தின்ற கல் பிஸ்கட்டே மேல் என்றார், பட்டாளத்தில் கொடுக்கும் சக்கர்பாரா என்ற இனிப்பு பிஸ்கட்டோடு ஒப்பிட்டு அரை மணி நேரம்.

டிப்ஸ் கட்டணத்தில் சேராது, கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். நான் நீட்டியதைப் பார்த்துவிட்டு மாமா, "இன்னொரு இருபது சேத்துக் குடுங்க மாப்பிள்ளை" என்றார். அக்டோபரில் ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் ஆண்டிட்டம் போர்க்களத்தையும் பார்க்க வேண்டுமாம். அங்கே நான்கு மணி நேரமாக எடுக்கப்போகிறேன்.