யூராலஜி பயிற்சி: ஆன்லைன் டிப்ளமாவா, ஓ.பி.யில் நிற்பதா?

பொது மருத்துவராக இருந்துகொண்டு சிறுநீர்ப் பிரச்சினைகளை ஒழுங்காகப் பார்க்கக் கற்க எனக்குக் கிடைத்தவை இரண்டு வழிகள். ஒன்று ஆன்லைன் முதுநிலை டிப்ளமா, இன்னொன்று வாரத்துக்கு இரண்டு நாள் யூராலஜி ஓ.பி.யில் சீனியரோடு உட்காருவது. டிப்ளமாவில் இரண்டு மாட்யூல் முடித்து நிறுத்திவிட்டு எட்டு மாதம் ஓ.பி.க்குப் போனவன் நான். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம்.

சான்றிதழ் வேண்டுமென்றால் டிப்ளமாதான், அதில் பேச ஒன்றும் இல்லை.

எனக்கு விஷயம் முடிவானது விரலில். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை மலக்குடல் வழியாகத் தொட்டுப் பார்ப்பதை வீடியோவில் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். சாதாரண வீக்கம் என்றால் மூக்கு நுனி மாதிரி ரப்பராக இருக்கும், கல் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓ.பி.யில் முதல் வாரமே ஒருவரைப் பார்த்துவிட்டு 'சாதாரண வீக்கம்' என்று எழுதினேன். சீனியர் அவரிடம் கேட்டுக்கொண்டு தானும் பார்த்தார், அப்புறம் "இடது ஓரத்தை இன்னொரு தடவை பாருங்க" என்றார். பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு. நடுப்பள்ளத்தைத் தடவிவிட்டு, ஓரம் வரை போகாமலே விரலை எடுத்திருக்கிறேன்! பக்கத்திலேயே திருத்த ஆள் இல்லையென்றால் இந்தத் தப்பை வருஷக்கணக்கில் செய்துகொண்டிருப்பேன், தப்பு என்றே தெரிந்திருக்காது.

சிறுநீரை வெளியேற்றப் போடும் குழாயான கத்தீட்டரும் அப்படித்தான். சிறுநீர் வந்துவிட்ட சந்தோஷத்தில் நான் நகர, "முன்தோலை இழுத்து விடுங்க டாக்டர்" என்று நர்ஸ் நிறுத்தினார். பின்னுக்குத் தள்ளிய தோலை அப்படியே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும், பாடத்திலும் இருந்ததுதான்.

சரி, டிப்ளமாவில் ஒன்றுமே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. ராத்திரி நாலு முறை எழுந்திருப்பவரிடம் மூன்று நாள் குடித்தது, போனது எல்லாவற்றையும் நேரத்தோடும் அளவோடும் எழுதிவரச் சொன்னால், சில சமயம் புராஸ்டேட்டை விட்டுவிட்டு ராத்திரி உடம்பு அதிகமாகச் சிறுநீர் சுரப்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு, புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தில் ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும், ரிப்போர்ட்டில் 3 இருந்தால் 6 போல எடுத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஓ.பி. நெரிசலில் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை, எனக்கு அந்த இரண்டு மாட்யூலில்தான் கிடைத்தது.

பெண்களின் சிறுநீர்க் கசிவு, குழந்தைகளின் பிரச்சினைகள் இரண்டிலும் என் அனுபவம் சொற்பம். நான் இருந்த ஓ.பி.க்கு அவர்கள் அதிகம் வரவில்லை, அதற்கு எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. சீனியர் நன்றாக அமைந்ததும் என் அதிர்ஷ்டம்.

ஓ.பி.க்குப் போவதாக இருந்தால் சேரும் முன்பே, நோயாளி சம்மதித்தால் நானும் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கத்தான் விடுவோம் என்றால் டிப்ளமாவே மேல், அதையாவது வீட்டில் படுத்துக்கொண்டு படிக்கலாம்.