மணல் வீடியோவை எதில் அனுப்புவது? ஆனியன்ஷேரா, வோர்ம்ஹோலா?

உறவுக்காரப் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஆற்றுக்குள் பொக்லைன் இறக்கி மணல் அள்ளுவதை இரண்டு இரவு கண்விழித்து வீடியோ எடுத்திருக்கிறான். மொத்தம் 1.8 ஜிபி. சென்னையில் ஒரு பத்திரிகையாளர் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, நான்தான் அனுப்புனேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. எதுல அனுப்புறது?"

(உறவுமுறை, கரை, நேரம் எல்லாவற்றையும் இங்கே மாற்றிவிட்டேன். காவிரியா கொள்ளிடமா என்று கேட்காதீர்கள்.)

யாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று திருப்பிக் கேட்டேன். மணல் ஆட்களுக்கா, நெட் கொடுக்கும் கம்பெனிக்கா, வாங்கப்போகும் பத்திரிகையாளருக்குமேவா? "அவருக்கும் வேணாம்ணே" என்றான். அந்த ஒரு பதிலிலேயே பாதி வழிகள் அடிபட்டுப் போயின.

வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை டாக்குமெண்டாகப் போகும். உள்ளே இருப்பதை நடுவில் யாரும் பார்க்க முடியாது, சரி. ஆனால் எந்த நம்பரிலிருந்து வந்தது என்பது வாங்குபவருக்கே தெரியும். கூகுள் டிரைவ் லிங்க் கணக்கோடு கட்டுண்டது. ஃபைலும் அவர்கள் சர்வரில் உட்கார்ந்திருக்கும். டாரண்டைப் பலர் ரகசிய வழி என்று நினைக்கிறார்கள். அதில் ஒரே ஃபைலைப் பகிர்கிற எல்லோருக்கும் மற்றவர்களின் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும் எண்) தெரியும். நம் இணைப்பை இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் போட்டு மறைக்கலாம்தான். அப்போது நம் ரகசியம் விபிஎன்காரர் கைக்குப் போகிறது. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்ட்விபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

மிஞ்சியவை இரண்டு. ஃபைலை யாருடைய சர்வரிலும் ஏற்றாமல் நம் கணினியிலிருந்தே கொடுக்கிற மேஜிக் வோர்ம்ஹோலும் ஆனியன்ஷேரும்.

வோர்ம்ஹோல் எனக்குப் பிடித்த சாமான். பிரையன் வார்னர் என்பவர் எழுதியது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் ஓர் எண்ணும் இரண்டு ஆங்கில வார்த்தைகளும் கொண்ட குறியீடு வரும். அதைப் போனில் சொன்னால் போதும், எதிர்முனையில் அடித்ததும் ஃபைல் இறங்கும். குறியீடு ஒரே ஒரு முறைதான் செல்லும். யாராவது குருட்டாம்போக்கில் ஊகித்துப் பார்த்தால் 65,536-இல் ஒரு வாய்ப்புதான், தப்பானால் அதோடு முடிந்தது. வேகமும் உண்டு. 600 எம்பி உள்ள கல்யாண வீடியோ ஒன்றை அதில் அனுப்பியபோது காபி ஆறுவதற்குள் போய்விட்டது. ஆனால் முடிந்தவரை இரண்டு கணினிகளும் நேரடியாகக் கைகோர்க்கும், அதனால் ஐபி முகவரி எதிராளிக்குத் தெரியும். பல கணினிகள் வழியாகச் சுற்றிவிட்டு நம் இருப்பிடத்தை மறைக்கும் டோர் என்ற வலை வழியாக அனுப்பவும் அதில் ஒரு வசதி இருக்கிறது. அதைத் தனியாகக் கேட்டுப் போட வேண்டும், மறந்தால் முகம் தெரிந்துவிடும். பதற்றத்தில் இருப்பவனிடம் அப்படி ஒன்றைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனியன்ஷேரை மைக்கா லீ 2014-இல் வெளியிட்டார். ஃபைலை இழுத்துப் போட்டு பொத்தானை அழுத்தினால் நம் கணினியே ஒரு குட்டி சர்வராகி, டோர் வலையில் 56 எழுத்து நீளமுள்ள ஒரு முகவரியும் அதற்கொரு சாவியும் கிடைக்கும். வாங்குபவர் டோர் பிரவுசரில் அதைத் திறக்க வேண்டும். நம் பக்கம் மூன்று, அவர் பக்கம் மூன்று என ஆறு கணினிகளைத் தாண்டிப் போவதால் இவர் இருப்பிடம் அவருக்கும் தெரியாது, அவர் இருப்பிடம் இவருக்கும் தெரியாது. ஒருமுறை இறக்கியதும் தானே கதவைச் சாத்திக்கொள்ளும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. இணையத்தில் நாம் கடைமடைக்காரர்கள். பல கம்பெனிகள் ஒரே பொது ஐபி முகவரியை ஏகப்பட்ட வீடுகளுக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கின்றன. வீட்டுக் கணினியில் சொந்தமாக சர்வர் போட்டால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. டோரில் நம் கணினி வெளியே போய்த்தான் தொடர்பு பிடிக்கிறது, அதனால் ரவுட்டரில் கைவைக்காமலே ஓடுகிறது.

குறைகளும் கொஞ்சமில்லை. அதே கல்யாண வீடியோ இதில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை கணினி அணையக்கூடாது. எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று லைன்மேனுக்கே தெரியாது. லேப்டாப் தாக்குப்பிடித்தாலும் ரவுட்டர் படுத்துவிடும். முகவரியைச் சேமித்துவைக்காமல் மறுபடி ஆரம்பித்தால் புது முகவரிதான் வரும், அதைத் திரும்பவும் அவரிடம் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது எப்படி என்பது பெரிய ஓட்டை. தன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் முகவரியை அனுப்பினால் ஆறு கணினியும் வீண். "புதுசா ஒரு மெயில் ஐடி வச்சிருக்கேன்" என்றான். அதை எந்த நெட்டில் திறந்தாய் என்றால் தலையைச் சொறிகிறான்.

அப்புறம், டோரில் என்ன செய்கிறோம் என்பது நெட் கம்பெனிக்குத் தெரியாது. டோர் பயன்படுத்துகிறோம் என்பது தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டில் பொய் வெடிகுண்டு மிரட்டல் விட்ட மாணவர் டோர் வழியாகத்தான் மெயில் அனுப்பினார். அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோர் ஓட்டியவர்களைத் தேடித்தான் அவரைப் பிடித்தார்கள். நம் கிராமத்தில் ஒரே ஒருவன் டோர் வைத்திருந்தால்? அதற்கு பிரிட்ஜ் என்ற வசதி இருக்கிறது, டோர் ஓடுவதையே மறைக்கும். அதைப் போட்டே கொடுத்தேன்.

கரண்ட் பிரச்சினைக்கும் ஒரு வழி உண்டு. ஆனியன்ஷேரில் வாங்கிக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. பத்திரிகையாளர் தன் கணினியில் அதைத் திறந்துவைத்தால் இவனுக்கு டோர் பிரவுசர் மட்டும் போதும். ஊர் அடங்கிய பிறகு, கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து அவன் வசதிக்கு ஏற்றலாம். என் தேர்வு அதுதான். கல்யாண வீடியோவுக்கு வோர்ம்ஹோல், இதற்கு இது.

முடிவு செய்துவிட்டுத்தான் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஃபைல் பெயரிலேயே தேதியும் நேரமும். உள்ளே எடுத்த இடத்தின் ஜிபிஎஸ். அவற்றை அழித்துவிடலாம். நான்காவது நிமிடத்தில், "டேய், டார்ச்ச அணைடா" என்று அவன் குரலே கேட்கிறது. அதைவிட மோசம், படம் எடுத்த கோணம். அந்த வளைவை அந்த உயரத்திலிருந்து பார்க்க முடிவது ஒரே ஒரு போர்செட் கொட்டகையின் மேலிருந்துதான். யாருடையது என்று கேட்டேன். "நம்மளுதுதான்ணே" என்றான்.

1.8 ஜிபியை அனுப்பவில்லை. லாரி எண்கள் தெரியும் இடங்களை மட்டும் நெருக்கமாக வெட்டி, பின்னணி தெரியாமல், ஒலியை எடுத்துவிட்டு 40 விநாடி தேற்றினோம். டோரில் அது ஏற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.