ஓவன் சர்வீஸுக்கு ஆப்பில் ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு: என் 2,850 ரூபாய் போச்சு

புதுச்சேரியில் வீட்டிலேயே கேக் போட்டு விற்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுங்கள். வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. கொஞ்ச நாளாக என் ஓடிஜி (கரண்டில் ஓடும் சின்ன பேக்கிங் அடுப்பு) ஓவனில் சூடு சரியில்லை. 180 டிகிரியில் வைத்தால் கேக்கின் மேல்பக்கம் கருகும், நடுவில் மாவாகவே நிற்கும். வீட்டுக்கே மெக்கானிக் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன்.

வந்த பையன் அவ்வளவு மரியாதை. செருப்பை வாசலில் விட்டான், தரையில் பேப்பர் விரித்தான். "சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் போயிடுச்சுக்கா, மாத்திட்டா புதுசு மாதிரி ஓடும். கரண்ட் வேலை, பாப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க" என்றான். குழந்தைமேல் இவ்வளவு அக்கறையா என்று மனசு குளிர்ந்து உள்ளே போனேன். நான் திரும்பி வரும்போது பின்பக்கத் தகட்டை மூடிவிட்டிருந்தான். ஓவன் கதவைத் திறந்து, துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை உள்ளே காட்டி, "பாருங்கக்கா, கரெக்டா 180" என்றான். 2,850 ரூபாயை அங்கேயே யுபிஐயில் அனுப்பினேன்.

அடுத்த ஆர்டரே கருகிப்போனது. சந்தேகத்தில் சர்க்கரை வைத்துப் பார்த்தேன். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். டயலை 175-ல் வைத்தால் கால் மணி நேரத்துக்கு அப்படியே இருக்க வேண்டும், 190-ல் உருக வேண்டும். எனக்கு 175-லேயே பாகாகிப் பழுப்பேறிவிட்டது. தட்டை எடுக்கும்போது கைப்பிடிப் பக்கம் தகட்டில் விரல் பட்டு, சுரீர் என்று ஷாக் வேறு.

தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் வந்து திறந்து காட்டினார். அதே பழைய தெர்மோஸ்டாட், ஸ்க்ரூவில் உப்புக்காற்றுத் துருகூட அப்படியே இருக்கிறது. ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் வயரைப் பாடியில் மாட்டாமல் தொங்க விட்டிருக்கிறான். ஒரு இணைப்பில் ஓவன் சூடு தாங்காத சாதாரண பிவிசி வயரும் இன்சுலேஷன் டேப்பும். டேப் உருகிக் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பாப்பாவை உள்ளே கூட்டிப் போகச் சொன்னானோ, அதே பாப்பா தொட்டிருந்தால்?

ஆப்பில் கூப்பிட்டால் "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம்." மறுபடி கூப்பிட்டால் "வாரண்டி பார்ட்ஸுக்கு மட்டும்தான் மேடம்." பார்ட்ஸையே மாற்றவில்லை என்கிறேன், "அந்த டெக்னீஷியன் இப்ப எங்ககிட்ட இல்லை" என்கிறார்கள். போட்டோ அனுப்பினேன். புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வருகிறது! யார் தீர்த்தார்கள்? 2,850 ரூபாய் என் கைக்கு வந்ததா?

ஓவனை எப்படிப் பராமரிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் பாகத்தின் பெயர் இருக்க வேண்டும். துப்பாக்கி தெர்மாமீட்டரை நம்பவே வேண்டாம், பளபளக்கும் தகட்டில் அது சரியாகக் காட்டாது. உள்ளேயே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடு ஏறி இறங்கித்தான் இருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, சர்வீஸ் முடிந்ததும் பிளக் போடுவதற்கு முன்னால் எர்த் இணைப்பை வேறு ஆளை வைத்துப் பாருங்கள், வந்தவனிடமே கேட்காதீர்கள்.