வாடைக் காலத்தில் திமிங்கிலமும் முருகைக்கல்லும்: மிரிஸ்ஸ, கற்பிட்டி, ஹிக்கடுவ எப்படி?

மார்கழி விடுமுறைக்குத் திருகோணமலையில் திமிங்கிலம் காட்டுகிறோம் என்று யாராவது வான் (வேன்) பதிவு செய்யச் சொன்னால் முற்பணம் கொடுக்க வேண்டாம். கார்த்திகை தொடங்கி மாசி வரை வடகிழக்குப் பருவக்காற்றான வாடை வடக்கு, கிழக்குக் கரைகளில் நேரே வந்து அடிக்கும். நிலாவெளிக் கடல் குழம்பிக் கிடக்கும், புறாத்தீவுக்குப் படகு போனாலும் தண்ணீருக்குள் முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதே நாட்களில் நிலம் மறைப்பதால் மேற்கும் தெற்கும் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் எழும்பினால் எல்லாம் தலைகீழ். நம்முடைய கடலோரத் தொழிலாளிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் சுற்றுலாப் பொதி விற்கிறவர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலேயே பார்க்க முடியாதா என்ற கேள்விக்கும் பதில் கடலின் ஆழத்தில்தான் இருக்கிறது. பாக்கு நீரிணை ஆழம் மிகக் குறைந்த கடல். நீலத் திமிங்கிலம் இரை தேடும் இடம் அதுவல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திமிங்கிலத்துக்குத் தென்கரையில் மிரிஸ்ஸ, முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) மேற்குக் கரையில் கற்பிட்டி. ஹிக்கடுவவின் அடியில் கண்ணாடி பதித்த படகு, நீந்த முடியாத வயதானவர்கள் கூட வந்தால் மட்டும். ஒரே இடத்தில் ஒரே நாளில் இரண்டையும் காட்டுவோம் என்கிற பொதிகளில் ஏதாவது ஒன்று அரைகுறையாகத்தான் முடியும்.

மாதம் பற்றி. மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் பருவம் கார்த்திகையில் தொடங்கிச் சித்திரை வரை போகும். கார்த்திகையும் மார்கழி முற்பகுதியும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களின் காலம். படகு நிற்காவிட்டாலும் ஏ-9 வீதியில் வெள்ளம் மேவலாம். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் கடல் நன்றாக இருக்கும், ஆனால் தென்கரை விடுதிகள் ஆண்டிலேயே கூடிய விலைக்குப் போவது அப்போதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்கள் தைப்பொங்கல் கழிந்து மாசி, பங்குனிக்குள் ஒரு கிழமை நாளைப் பாருங்கள். பௌர்ணமி விடுமுறை சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் தவிர்த்துவிடுங்கள், கொழும்பு முழுக்க அங்கேதான் நிற்கும்.

மிரிஸ்ஸ

தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற அடித்திட்டு தெற்கில் மிகவும் ஒடுங்கிவிடும். துறைமுகத்தை விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடுவதற்கு அதுதான் காரணம். தேவேந்திரமுனைக்கு நேரே வெளியில்தான் நீலத் திமிங்கிலங்கள் மேயும். (1588இல் போர்த்துக்கேயர் இடித்த தென்னாவரம் கோவில் இருந்த அதே முனை. காலைப் படகு முடித்து அந்தப் பக்கம் ஒருமுறை போய் வரலாம்.) மற்றக் கடல்களில் இந்த இனம் உணவுக்காகக் குளிர்கடலுக்குப் போய் வரும். இங்குள்ளவை வெப்பக்கடலை விட்டு அப்படிப் போவதில்லை என்பதை வெளிக்கொண்டு வந்தவர் நமது நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ்.

படகுகள் காலை ஆறரை மணியளவில் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும். போய்வர மூன்று மணித்தியாலம் தொடக்கம் ஐந்து வரை. பெரும்பாலானவை இரண்டு தட்டுப் படகுகள். எல்லாரும் மேல்தட்டுக்குத்தான் ஓடுவார்கள், தூரம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் படகு உருளும்போது கூட ஆடுவதும் அதே மேல்தட்டு. பின்பக்கத்தில் டீசல் புகை. சத்தி வரும் ஆட்கள் கீழ்த்தட்டின் நடுப்பகுதியில், வெளிக்காற்றுப் படும் ஓரமாக இருந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொலைபேசியைக் குனிந்து பார்த்தவர்தான் முதலில் பையைக் கேட்பார்.

அவோமின் போன்ற, சத்தியைத் தடுக்கும் குளிசையைப் படகில் ஏறின பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முந்தியே போட வேண்டும், நித்திரை தூக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். சிறுபிள்ளைகளுக்கும் வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் மருந்தகத்தில் கேட்டுத்தான் கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு போவதும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் போவதும் ஒன்றுதான். இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம் போதும். படகில் கொறிக்கப் பருத்தித்துறை வடையைப் போல வேறொன்றும் இல்லை: காய்ந்தது, எண்ணெய் வடியாது, திருவெம்பாவை விரதக்காரருக்கும் பிரச்சினையில்லை. இஞ்சித் துண்டும் தேசிக்காயும் சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.

இனி எதைப் பார்ப்பீர்கள் என்பது. முதலில் தெரிவது உடல் அல்ல, மூச்சு. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீற்றர் வரை நேராக எழும்பும், தென்னை உயரத்தில் பாதியாவது வரும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் (sperm whale) மூச்சு கட்டையாக, முன்னோக்கி இடப்பக்கம் சரிந்து போகும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் வழிகாட்டி வாய் திறக்க முதலே உங்களுக்குப் புரிந்துவிடும். பிறகு தண்ணீருக்குக் கீழே வெளிர்நீலமாக ஒரு நீளம். வளர்ந்தது ஒன்று 20 மீற்றரைத் தாண்டும், இ.போ.ச. பஸ் இரண்டை முன்பின்னாக நிறுத்தினது போல. சில தடவை மூச்சு விட்டு, முதுகை வளைத்து, வால் எழும்பினால் அந்தச் சுற்று முடிந்தது. திரும்ப மேலே வரப் பத்து நிமிடமளவில் ஆகும். வால் எழும்பின உடனே படகு எஞ்சினை அடக்கிக் காத்திருந்தால் அது நல்ல படகு. அது போன திசையைப் பார்த்துப் பாய்ந்து ஓடினால் கெட்ட படகு.

குறை அதிகம் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். 2012ஆம் ஆண்டின் கடல் முலையூட்டிகள் அவதானிப்பு ஒழுங்குவிதிகளின்படி 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது. விடுமுறை நாட்களில் ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்கின்றன. முன்னால் குறுக்கே போனால் அது மூச்சு முடிக்காமலே தாழும், பின்னால் வந்த படகுக்காரருக்கும் ஒன்றும் கிடைக்காது. பயணிகள் ‘இன்னும் கிட்டப் போங்கோ’ என்று கத்துவதும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தூரத்தில் தெரியும் சரக்குக் கப்பல்களையும் கவனியுங்கள். உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று இந்த மேய்ச்சல் இடத்துக்கு மேலாலேயே போகிறது, மோதி இறக்கும் திமிங்கிலங்கள் உண்டு. எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது.

காசு கட்ட முதல் நாலு விடயம் கேளுங்கள். உரிமப் பத்திரம் உண்டா? படகில் எத்தனை பேர், அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, பிள்ளைகள் அளவில் உண்டா? மலசலகூடம் வேலை செய்கிறதா? ஒன்றும் தெரியாமல் திரும்பினால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பல படகுக்காரர் அடுத்த நாள் இலவசமாகவோ பாதி விலைக்கோ கூட்டிப் போவதாகச் சொல்வார்கள். அதை வட்சப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதனால்தான் மிரிஸ்ஸவில் ஒரு இரவு தங்குவது போதாது, இரண்டு வேண்டும். திமிங்கிலப் படகை முதல் காலையிலேயே வையுங்கள். கடைசி நாளில் வைத்தவருக்கு மறுவாய்ப்பு இல்லை.

கமராக்காரருக்கு: 200 தொடக்கம் 300 மில்லிமீற்றர் லென்ஸ், மூடி வேகம் 1/1000 அல்லது கூட. தொலைபேசியில் எடுத்தால் கடலும் ஒரு கறுப்புப் புள்ளியும்தான் வரும். இருகுழல் தொலைநோக்கி 7x50 அல்லது 8x42 சரி. அதைவிடப் பெருக்கம் கூடினால் படகு ஆட்டத்தில் ஒன்றும் பிடிபடாது.

கற்பிட்டி

யாழ்ப்பாணத்தாருக்கு இங்கே முதல் வசதி மொழி. படகுக்காரரோடும் விடுதிக்காரரோடும் தமிழிலேயே பேரம் பேசலாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில்தான் குடியேறின. யாழ்ப்பாணத்துப் பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெளிக்கட்டு இயந்திரம் பூட்டின சிறிய கண்ணாடியிழைப் படகுகள்தான் இங்கு ஓடுவது. நிழல் இல்லை, மலசலகூடம் இல்லை. அலையில் முன்பக்கம் தூக்கித் தூக்கிக் குத்தும். கர்ப்பிணிகளும் முதுகு நோ உள்ளவர்களும் ஏறக் கூடாது, கைக்குழந்தையோடு போகவே வேண்டாம். மற்றவர்களுக்குக் கிடைப்பது பெரிய கூட்டமாகச் சுழன்று துள்ளும் ஓங்கில்கள் (டொல்பின்கள்). மிரிஸ்ஸவிலும் ஓங்கில் உண்டு, ஆனால் கூட்டமாகப் பார்க்கக் கற்பிட்டிதான். எண்ணெய்த் திமிங்கிலம் பங்குனி, சித்திரையில் வாய்க்கலாம். மார்கழியில் அதை உறுதியாகச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

இங்கே முக்கியமானது பார் றீஃப் (Bar Reef) என்கிற முருகைக்கல் திட்டு. 1992இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருக்கும் முருகைக்கல்லை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம். ஆனால் விளம்பரப் படத்தில் உள்ள நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது முருகை தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் சாப்பாடும் அந்தப் பாசியால்தான், அது போனால் வெளுத்து, சூடு நீடித்தால் இறந்துவிடும். 1998இல் ஆழமற்ற பகுதி அப்படித்தான் அழிந்தது. மீண்டு வந்ததை 2016இன் வெளுப்பு திரும்ப அடித்தது. இப்போது போகிறவர் மீன்களுக்காகப் போகலாம்: கிளிமீன், வண்ணாத்தி மீன், பாறைக் கலவாய்.

நேர ஒழுங்கு இதுதான். காலை ஏழு மணிக்கு ஓங்கில், ஒன்பதரை மணியளவில் பார் றீஃப், மதியத்துக்குள் கரை. மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பும், மணல் கலங்கும், திரும்பி வரும்போது முழுக்க நனைவீர்கள்.

முகமூடியை அங்கே வாடகைக்கு எடுக்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அளவு சரி. மீசை உள்ளவருக்கு மேலுதட்டால் தண்ணீர் புகும். மூக்குக்குக் கீழே ஒரு விரல்கடை மழிப்பதுதான் மருந்து. வாசலின் பூசச் சொல்வார்கள், அது ரப்பரைக் கெடுக்கும். புகை படியாமல் இருக்க எச்சில் பூசிக் கழுவினாலே போதும். சன்ஸ்கிறீனைவிட நீளக்கைச் சட்டை நல்லது, முதுகும் எரியாது, முருகைக்கும் இரசாயனம் சேராது. களைத்தால் கல்லில் ஏறி நிற்க வேண்டாம், மல்லாந்து மிதவுங்கள். நீந்தத் தெரிந்தவரும் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், பார் றீஃப் கரையிலிருந்து தூரம்.

ஹிக்கடுவ

2002இல் தேசிய பூங்கா ஆனது. கரையிலிருந்தே இறங்கலாம், ஆமை வரும். கண்ணாடிப் படகு அரை மணித்தியாலம்தான், பல படகுகளில் கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப் போயிருக்கிறது. ஏறுவதற்கு முன் குனிந்து பாருங்கள், மணல் தெளிவாகத் தெரியாவிட்டால் அடுத்த படகுக்குப் போங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் காசு வீண். ஆமைக்குப் பாசி ஊட்டச் சொல்லிக் காசு கேட்பவர்களைக் கடந்து போய்விடுங்கள்.

பாதையும் காசும்

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, அநுராதபுரம், புத்தளம், பாலாவி வழியாகக் கற்பிட்டிக்கு 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. வானில் ஆறேழு மணித்தியாலம். வரைபடத்தில் மன்னாரிலிருந்து வில்பத்துக் கரையோரமாக ஒரு குறுக்குக் கோடு தெரியும், அதை நம்பி இறங்க வேண்டாம். காட்டுப் பாதை அது, மாரியில் எலுவன்குளத்தில் கலா ஓயா மேலால் பாயும். கற்பிட்டியில் இரண்டு இரவு. பிறகு சிலாபத்தில் முன்னேஸ்வரம் கும்பிட்டு, நீர்கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் ஏறினால் கெரவலப்பிட்டியில் மாறி, கொழும்பு நெரிசலுக்குள் போகாமலே தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்கலாம். வெலிகமைக்குக் கொக்மாதுவவில் இறங்க வேண்டும், மிரிஸ்ஸ அங்கிருந்து பக்கம். ஆறு நாள் இருந்தால் முழுச் சுற்றும் சரி. நாலு நாள்தான் என்றால் ஒன்றை விட்டுவிடுங்கள். இரண்டையும் பிடிக்கப் போனால் பாதி விடுமுறை வானுக்குள் முடியும்.

லண்டன், கனடாவிலிருந்து வரும் உறவுக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூங்கா நுழைவுச் சீட்டில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. முகத்தைப் பார்த்து அல்ல, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அட்டை வைத்திருப்பவர் எல்லாரும் கையில் கொண்டு போக வேண்டும். படகு விலையும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் உள்ளூர் ஆள் ஒருவர் முதலில் பேசி முடித்த பிறகு மற்றவர்கள் வரிசைக்கு வரட்டும்.

மாசியில் போக வாய்க்காதவர்கள் பங்குனி, சித்திரை வரை பொறுத்தால் தெற்கே ஓட வேண்டியதும் இல்லை. திருகோணமலையில் கரைக்கு மிகக் கிட்டவே ஆழ்பள்ளம் இருக்கிறது. கோணேசர் கோவிலில் காலைப் பூசை முடித்து, சுவாமி மலை உச்சியில் தொலைநோக்கியோடு ஒரு மணித்தியாலம் நின்றால் நீலத் திமிங்கிலத்தின் மூச்சு அங்கிருந்தே தெரியும் நாட்களும் உண்டு.