பெயருக்குப் பண்ணையா, பாடுபடும் பண்ணையா?

இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் சென்னைக்காரர்களின் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம்தான் திரும்பும். கோவளத்தைத் தாண்டினால் பண்ணை வீடுகளுக்குக் குறைவில்லை. பத்துப் பேர் கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, நீச்சல் குளத்தில் ஆட்டம் போட அவை வசதியானவைதான். ஆனால் போன ஆண்டு நாங்கள் தங்கிய வீட்டில் பண்ணைக்கு அடையாளமாக இருந்தது, சுவரில் சாத்திய ஒரு பழைய வண்டிச் சக்கரம் மட்டும். மாடு பார்க்க விடியற்காலையில் எழுந்துவந்த என் மகள் ஏமாந்து நின்றாள். காபிக்குப் பால் பாக்கெட்டில் வந்தது.

ஏலகிரி வேறு ரகம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். குளிர்ந்த காற்று, பலா மரங்கள், தோட்டத்துக்குள் அழகழகான குடில்கள். ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய்விடலாம். ஆனால் சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயதான அம்மாவோடு இரண்டே நாளில் போய்வருவது பெரும்பாடு.

என் ஓட்டு மதுராந்தகம் பக்கத்துக்கே. சுமார் 80 கிலோமீட்டர். ஏரிப் பாசனப் பூமி. தை பிறந்ததும் போனோம். பழைய ஓட்டு வீட்டை இடிக்காமல் புதுப்பித்திருக்கிறார்கள். பனைமர உத்திரம், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, குளியலறை மட்டும் இன்றைய வசதியோடு. திண்ணையை விட்டு இறங்கினால் வரப்பு. ஒரு பக்கம் சம்பா நெல் அறுவடை, மறுபக்கம் அடுத்த போகமான நவரைக்கு நடவு.

தொழுவத்தில் என் மகள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் பிடித்துத் தாயின் முன்னங்கால் அருகே கட்டினார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே நின்றது. வெறும் பாத்திரத்தில் விழுந்த முதல் பீச்சு கணீரென்று ஒலித்தது. நுரை ஏற ஏற ஓசை தாழ்ந்து மெத்தென்று ஆனது. அவள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குறைகளும் உண்டு. மாலையில் கொசு. சாணி வாசம் அறை வரை வரும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பம்புசெட் ஓடியே ஆகும். நமக்காக நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. நீச்சல் குளம் கிடையாது. மே மாதம் போனால் வெயிலும் அறுத்த வயலின் காய்ந்த நெல் தாளும்தான் மிஞ்சும். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் பக்கத்திலேயே வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் நிறைந்திருக்கும். அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதால் ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள்.

எந்த வீடானாலும் புகைப்படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். போனில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இப்போது வயலில் என்ன நிற்கிறது? கறவையில் எத்தனை மாடு? உண்மையாகவே உழுகிறவர் யோசிக்காமல் பதில் சொல்வார். மதுராந்தகத்துக்காரர் பதில் சொன்னதோடு நிற்காமல் என்னைத் திருப்பிக் கேட்டார்: “நீங்கள் வரும் அன்றைக்கு நடவு இருக்கிறது சார். ஆறு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள், சத்தமாக இருக்கும். பரவாயில்லையா?”

அன்றே முன்பணம் அனுப்பினேன்.